20 ஆயிரம் சம்பளத்தில் பைக்: ஷோரூமா, கன்சல்டிங்கா, கரண்ட் வண்டியா?

திருப்பூரில் பனியன் கம்பெனி கணக்குப் பிரிவில் இருந்தால் எல்லாரும் இரண்டு விஷயத்துக்குத்தான் வருவார்கள். ஒன்று பி.எஃப்., இன்னொன்று பைக். "மாசம் 20 ஆயிரம் வருதுங்ணா, வண்டி எடுக்கலாமா?" என்று கேட்பவரிடம் எடுக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. பல்லடத்திலிருந்தோ அவிநாசியிலிருந்தோ வருகிறவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டி தேவைதான். எந்த வண்டி (ஷோரூமில் புதுசா, பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் பழசா, மின்சார வண்டியா), யாருடைய பணத்தில், எந்த இன்சூரன்ஸோடு என்பதில்தான் ஆளுக்கு ஆள் பதில் மாறுகிறது.

பெண்களுக்கு மட்டும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களுக்குக் கட்டணம் கிடையாது. வீடும் கம்பெனியும் அந்த பஸ் போகிற வழியிலேயே இருந்தால், பணக் கணக்கில் எந்த வண்டியும் அதை ஜெயிக்க முடியாது. நேரத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் வண்டி வாங்கலாம். மிச்சம் பிடிக்க என்று வாங்க வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது?

பெரும்பாலானவர்கள் மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்கள். நான் நான்கு கேள்வி கேட்பேன்.

முதல் நாள் கையிலிருந்து எவ்வளவு போகும்? மாதா மாதம் பெட்ரோலோடு சேர்த்து எவ்வளவு போகும்? ஒரே நாளில் தலையில் விழக்கூடிய செலவு (விபத்து, திருட்டு, இன்ஜின் வேலை) எவ்வளவு? ஒரு மாதம் சம்பளம் குறைந்தால் என்ன ஆகும்?

நான்காவது கேள்வி எங்கள் ஊரில் சும்மா கேட்பதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த இடங்களில் ஒரு ஷிப்ட் ஆனது. ஓவர்டைமை நம்பித் தவணை போட்டவர்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சமில்லை. தவணைக் கணக்கை அடிப்படைச் சம்பளத்தில் போடுங்கள்.

கீழே உள்ள அட்டவணைக்கு நான் வைத்துக்கொண்டவை: தினம் போகவர 30 கிலோமீட்டர், ஊர் சுற்றுவதும் சேர்த்து மாதம் 800 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மூன்று வருடம் வைத்திருந்து விற்பது. புது பைக் ரோட்டுக்கு வரும்போது 92,000, மின்சார ஸ்கூட்டர் 1,05,000, பழைய பைக் 38,000 என்று வைத்திருக்கிறேன். தவணை 12 சதவீத ஃபிளாட் வட்டியில் (முழுக் கடனுக்கும் கடைசிவரை போடும் வட்டி) 24 மாதம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

| | புது 100 சிசி பைக் (தவணை) | 5 வருடப் பழைய பைக் (ரொக்கம்) | மின்சார ஸ்கூட்டர் (தவணை) |
|---|---|---|---|
| முதல் நாள் | 22,000 | 46,000 | 25,000 |
| மாதத் தவணை | 3,617 | இல்லை | 4,133 |
| பெட்ரோல் / கரண்ட், மாதம் | 1,350 | 1,600 | 250 |
| சர்வீஸ், ரிப்பேர், 3 வருடம் | 12,000 | 18,000 | 7,000 |
| இடையில் கட்டும் இன்சூரன்ஸ், 3 வருடம் | 2,000 | 5,700 | 3,000 |
| விற்றால் வருவது | 45,000 | 20,000 | 35,000 (உறுதியில்லை) |
| முதல் 2 வருடம் மாதச் செலவு | சுமார் 5,350 | சுமார் 2,250 | சுமார் 4,650 |
| எல்லாம் கழித்து மாதச் சராசரி | சுமார் 3,500 | சுமார் 3,000 | சுமார் 3,000 |

கடைசி வரியில் மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் நிற்கின்றன. அதற்கு மேல் இருக்கிற வரியில்தான் குடும்பம் மூச்சு விடுவதும் திணறுவதும். 20,000 சம்பளத்தில் 5,350 என்பது கால் பங்குக்கு மேல்.

## புது பைக், தவணையில்

நல்லது என்னவென்று எல்லாருக்கும் தெரியும்: வாரண்டி, மைலேஜ், காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆவது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதில் விலையும் குறைந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு ஆயுள்கால சாலை வரி, ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். போர்டில் போட்டிருக்கும் ஷோரூம் விலைக்கு மேல் வரி, இன்சூரன்ஸ், பதிவு, அப்புறம் யாரும் கேட்காத சீட் கவர், பாலிஷ் கோட்டிங் எல்லாம் ஏறும். சாலை வரியும் இன்சூரன்ஸும் கட்டாயம். பாலிஷ் கோட்டிங் கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள்.

மறைந்திருக்கிற செலவு ஃபிளாட் வட்டி. 70,000 கடனுக்கு "வெறும் 12 சதவீதம்" என்றால் இரண்டு வருடத்துக்கு 16,800 வட்டி, மாதம் 3,617. ஆனால் நீங்கள் மாதா மாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் முழு 70,000-க்கும் போட்டது. குறையும் அசல் கணக்கில் பார்த்தால் இது கிட்டத்தட்ட 21.6 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் கடன்களுக்கு (வண்டிக்கடனும் சேர்த்து), எல்லாக் கட்டணமும் சேர்த்த வருட வட்டியைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஃபைனான்ஸ் மேஜையில் உட்கார்ந்ததும் அந்தத் தாளைக் கேளுங்கள். அந்த வருட வட்டி அதில் "ஏபிஆர்" என்ற பேரில் இருக்கும். அதைத்தான் இரண்டு கம்பெனிக்கிடையே ஒப்பிட வேண்டும்.

என் கருத்து: விலையில் பாதியை முன்பணமாகப் போட முடிகிறவருக்குப் புது பைக் சரி. 5,000 கட்டி வண்டியை எடுத்துப் போகச் சொல்லும் திட்டம் யாருக்குமே சரியில்லை.

## பழைய பைக், கன்சல்டிங்கிலோ தெரிந்தவரிடமோ

நான் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். நாலு முதல் ஆறு வருடப் பழைய 100 சிசி வண்டி, தெரிந்தவர் கையிலிருந்து, ரொக்கத்துக்கு. விலையில் பெரிய இறக்கம் முதல் உரிமையாளர் காலத்திலேயே முடிந்திருக்கும். சம்பளம் நின்றாலும் வண்டியை யாரும் வந்து தூக்கிப் போக மாட்டார்கள்.

அதற்கு 46,000 வேண்டுமே என்று கேட்பீர்கள். வண்டி 38,000, பேர் மாற்ற 2,000, டயர், செயின், பேட்டரிக்கு 6,000 என்று சேர்த்தது அது. பணம் இல்லையென்றால் வண்டிக்கடனைவிட வங்கி நகைக்கடன் வட்டி குறைவு. 40,000-க்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 4,000. பழைய வண்டிக்குக் கன்சல்டிங்கிலேயே ஏற்பாடு செய்யும் ஃபைனான்ஸில் வட்டி புது வண்டியைவிடக் கூடுதல், அதில் இறங்காதீர்கள். நகை போய்விடுமே என்ற பயம் நியாயமானது. திருப்ப முடியும் என்ற தெளிவு இருந்தால் மட்டும் வையுங்கள்.

வண்டி பார்க்கப் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், வருவதாக முன்கூட்டிச் சொல்லாமல். இன்ஜினில் கை வைத்துப் பார்த்தால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்து முறுக்கும்போது சைலன்சரில் நீலம் கலந்த வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜினைப் பிரித்துச் செய்யும் போர் வேலை காத்திருக்கிறது. பின் சக்கர ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயின் செட் மாற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் ஒரு இடத்தில் தட்டி நின்றால் ஹேண்டில் பேரிங் (கோன் செட்) போயிருக்கிறது. இதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடக் காரணம் இல்லை, விலையைக் குறைக்கக் காரணம். வண்டிச் சட்டத்தில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பர் ஆர்சியோடு (பதிவுச் சான்றோடு) ஒத்துப்போகாவிட்டால் மட்டும் பேசாமல் கிளம்பி வந்துவிடுங்கள்.

அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா என்று தெரியும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் இ-சலான் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஃபைனான்ஸ் கட்டி முடித்துவிட்டேன் என்று சொன்னால் போதாது, கடன் தீர்ந்தது என்று ஃபைனான்ஸ் கம்பெனி தரும் என்ஓசியும், ஆர்சியில் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கையில் வேண்டும். பேர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்குகிறவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "கையெழுத்துப் போட்டுத் தந்துட்டேன், நீங்க மெதுவா மாத்திக்கங்க" என்கிற பழக்கம் இரண்டு பேருக்கும் ஆபத்து. ஆர்சியில் பேர் இருக்கிறவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

## மின்சார ஸ்கூட்டர்

சொந்த வீடும், வண்டி நிறுத்துகிற இடத்திலேயே பிளக்கும் இருந்தால் இதை யோசியுங்கள். மாதம் 800 கிலோமீட்டருக்கு 25 யூனிட்டைச் சுற்றித்தான் ஆகும். வாடகை லைன் வீட்டில் இருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். மாடியிலிருந்து ஒயர் இழுப்பது, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு வைக்கிற ரேட், வீடு மாற்றினால் அடுத்த வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்பது, எல்லாம் தலைவலி. சாலை வரிச் சலுகைக்குக் காலக்கெடு உண்டு, வாங்கும் நாளில் நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவு டெலிவரி ஓட்டுகிறவருக்குக் கணக்கே வேறு. தினம் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் பெட்ரோலில் மிச்சமாகும் பணமே தவணையைக் கட்டிவிடும். அவர்கள் இன்சூரன்ஸில் பார்க்க வேண்டிய ஒன்றைக் கீழே சொல்கிறேன்.

## இன்சூரன்ஸ்: மிச்சம் பிடிப்பதாக நினைத்து இழக்கிற இடம்

"இன்சூரன்ஸ் அஞ்சு வருசத்துக்குப் போட்டிருக்குதுங்ணா" என்று வண்டி திருடுபோன பிறகு வந்து நின்ற ஆட்கள் உண்டு. அந்த ஐந்து வருடம் தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். சொந்த வண்டிக்கான காப்பீடு பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். வருடா வருடம் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி கட்டாயம் என்பது 2018 செப்டம்பர் 1 முதல் இருக்கிற விதி. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் குறித்து உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. அடிபட்ட மூன்றாம் மனிதருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். உங்கள் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

### தேர்ட் பார்ட்டி மட்டும்

விலை அரசு வைத்தது, எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை வருடத்துக்கு 714 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எக்ஸ்எல் 100-க்கும் பல்சர் 150-க்கும் ஒரே கட்டணம்! 150 தாண்டி 350 சிசி வரை 1,366. மின்சார வண்டியில் 3 கிலோவாட் வரை 457, அதற்கு மேல் 7 வரை 607. இதுவும் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 அபராதம், அடுத்த தடவை 4,000. அபராதத்தைவிடப் பெரிய பயம், இன்சூரன்ஸ் இல்லாமல் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில் என்பது.

இதில் பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்ட வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு அந்த பாலிசி பொறுப்பேற்காது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் (திலக் சிங் வழக்கு) சொல்லிவிட்டது. தேர்ட் பார்ட்டியோடு சொந்த வண்டிக் காப்பீடும் சேர்ந்த ஃபுல் இன்சூரன்ஸில் பின்னால் இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் சுற்றறிக்கை விட்டது. ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறவர் மிச்சம் பிடிக்கிற சில நூறு ரூபாய், அவர்களுக்கான காப்பீட்டை எடுத்துத்தான் மிச்சமாகிறது.

தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று நான் சொல்வது ஒரே நிலையில்: வண்டி விற்றால் பத்து பதினைந்தாயிரம்தான் தேறும், இரவு வீட்டுக்குள் நிற்கிறது, தனியாகத்தான் ஓட்டுகிறீர்கள்.

### ஃபுல் இன்சூரன்ஸ்

பழைய கட்டண அட்டவணைப்படி சொந்த வண்டிக் காப்பீடு வண்டி மதிப்பில் 1.7 சதவீதம் அளவுக்கு வரும். இப்போது கம்பெனிகள் அதிலும் தள்ளுபடி தருகின்றன. 35,000 மதிப்புள்ள வண்டிக்கு 600 ரூபாய் சுற்றித்தான். அதற்குத் திருட்டு, தீ, வெள்ளம், மோதல் எல்லாம் வரும்.

ஏஜென்ட் "பிரீமியம் குறைச்சுத் தர்றேன்" என்றால் ஐடிவியைப் பாருங்கள். திருடுபோனால் கிடைக்கிற அதிகபட்சத் தொகை அதுதான். இரண்டாம் வருடத்தில் புது விலையிலிருந்து 20 சதவீதம் கழியும், மூன்றாம் வருடத்தில் 30, நான்கில் 40, ஐந்தில் 50. அதற்கும் கீழே இறக்கி எழுதியிருந்தால் நூறு இருநூறு மிச்சத்துக்குப் பல ஆயிரத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். விற்றவர் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும்) அவரோடு போய்விடும். அடுத்து, 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். ஆர்சி உங்கள் பேரில், பாலிசி அவர் பேரில் என்று இருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கேட்கும்போது சிக்கல்.

"பம்பர் டு பம்பர்" என்று சொல்கிற ஜீரோ டெப்? சாதாரண ஃபுல்லில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி மாற்றினால் தேய்மானம் என்று கழித்துப் பாதிதான் தருவார்கள். ஜீரோ டெப்பில் அந்தக் கழிவு பெரும்பாலும் இருக்காது. டயர், பேட்டரி சேருமா என்பதை மட்டும் பாலிசியில் படித்துப் பாருங்கள். இரும்பு அதிகமுள்ள 100 சிசி பைக்குக்கு அது ஆடம்பரம். வண்டி விலையில் பெரிய பங்கு பேட்டரியாக இருக்கிற மின்சார ஸ்கூட்டருக்கு முதல் மூன்று வருடம் தேவை.

டெலிவரிக்கு ஓட்டுகிறவர்கள்: சொந்த உபயோக வண்டியின் பாலிசியில் வாடகைக்கும் சரக்கு ஏற்றவும் பயன்படுத்தினால் செல்லாது என்று எழுதியிருக்கும். ஃபுல் போட்டும் கிளைம் மறுக்கப்பட வாய்ப்பு உண்டு. பாலிசி எடுக்கும்போதே தொழிலைச் சொல்லி, சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

### ஓட்டுகிறவருக்கு

வண்டிக்கு யோசிக்கிறவர்கள் தங்களை மறந்துவிடுகிறார்கள். உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு 15 லட்சம், வருடத்துக்குச் சில நூறு. வேறு பாலிசியில் அதே அளவு இருந்தால் தவிர மற்றவர்களுக்குக் கட்டாயம். ஆர்சியில் பேர் உள்ளவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டினால்தான் அது செல்லும். கடன் கிடைக்கும் என்று அப்பா பேரில் வண்டி எடுத்து மகன் ஓட்டினால் மகனுக்கு இந்த 15 லட்சம் கிடையாது. அந்த மகன் தனி நபர் விபத்து பாலிசி ஒன்று எடுத்துவிட வேண்டும்.

வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டம் (18 முதல் 70 வயது, 2 லட்சம்) எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டியது. தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மூன்று மாதச் சம்பளத்தை அது தராது.

## யாருக்கு எது?

வாடகை வீடு, கையில் 40–50 ஆயிரம் அல்லது திருப்பக்கூடிய நகை: பழைய பைக், ஃபுல் இன்சூரன்ஸ், விபத்துக் காப்பீடு. சேமிப்பே இல்லை என்றால் மாதம் 3,500 தனியாக எடுத்து வைத்து ஒரு வருடம் பஸ்ஸில் போங்கள். தவணை கட்ட முடியுமா என்பதற்கு அதைவிடப் பரீட்சை வேறில்லை, வருடக் கடைசியில் 42,000 கையிலும் இருக்கும்.

சொந்த வீடு, தினம் ஓட்டம் அதிகம்: மின்சார ஸ்கூட்டர், ஜீரோ டெப்போடு. வீட்டில் இரண்டு சம்பளம், பாதி முன்பணம்: புது பைக். அதிலும் 100 சிசி போதும், 150 தாண்டிப் போகாதீர்கள்.

ஏற்கெனவே தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, கை இறுக்கமாக இருக்கிறது, இந்த வருடம் ஃபுல்லை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: கடன் முடிகிறவரை விடாதீர்கள். வண்டி திருடுபோனால் காப்பீட்டுத் தொகை முதலில் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போய்க் கடன் அடையும். காப்பீடு இல்லையென்றால் இல்லாத வண்டிக்கு மாதம் 3,617 கட்டிக்கொண்டு, வேலைக்கு பஸ்ஸில் போக வேண்டிவரும். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஜீரோ டெப், ரோடு சைடு உதவி போன்ற சேர்க்கைகளை எடுத்துவிட்டு, அடிப்படை ஃபுல்லை மட்டும் இரண்டு மூன்று கம்பெனியில் விலை கேட்டுப் பாருங்கள். சாவி இரண்டையும் பத்திரமாக வையுங்கள். திருட்டு கிளைமில் எஃப்ஐஆருக்கு அடுத்து அவர்கள் கேட்பது அதைத்தான்.